பேரிடர் நேரத்தில் ஹாம் ரேடியோ தன்னார்வலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ என்பது தனி ஆட்கள் லைசென்ஸ் வாங்கி, பண நோக்கமின்றிச் செய்யும் அமெச்சூர் வானொலித் தொடர்பு. அதில் பேசுகிறவரையும் ஹாம் என்பார்கள். ஹாம் லைசென்ஸ் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் பேரிடர் பணி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அந்த இடங்களில் உங்கள் நாட்டு விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. சாட்டிலைட் போனும் வந்துவிட்டது. இன்னும் ஹாம் ரேடியோ எதற்கு?

பெரும்பாலான நாள்களில் தேவையில்லைதான். செல்போன் வேலை செய்யும்வரை அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ரேடியோவில் பேசினால்தான் ஹாம் என்ற வீம்பு பேரிடர் நேரத்தில் யாருக்கும் உதவாது.

சிக்கல், அது வேலை செய்யாத நேரத்தில். மின்சாரம் போனதும் செல் டவர் பேட்டரிக்கு மாறும். அது சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் தீரும்வரை ஓடும். டவர் ஆடாமல் அசையாமல் நின்றாலும், அதற்கு வரும் ஃபைபர் கேபிள் ஒரு பாலத்தோடு சேர்ந்து வெள்ளத்தில் போயிருக்கலாம். எதுவுமே சேதமாகவில்லை என்றாலும், ஊரே ஒரே நேரத்தில் போனை எடுத்தால் லைன் கிடைக்காது. இரண்டு ஹாம்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள இவை எதுவும் வேண்டாம். இந்தப் பக்கம் ஒரு ரேடியோ, பேட்டரி, ஆன்டெனா. அந்தப் பக்கமும் அதேதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் நடந்ததைப் பாருங்கள். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்த மாதம் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் அலைகள் வருவது மிக அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பயணம் அது. பொழுதுபோக்கு என்றே சொல்லலாம். கடல் உள்ளே வந்த பிறகு அதே கருவிகள் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தின. கருவியும் ஆளும் ஏற்கெனவே அங்கே இருந்ததுதான் அதில் முக்கியம்.

சாட்டிலைட் போன் நல்ல கருவி, கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் ஒருவரோடு ஒருவர்தான் பேச முடியும். ரேடியோவில் ஒரு முகாம் சொல்வதை மற்ற பத்து முகாம்களும் அதே நொடியில் கேட்கின்றன. பக்கத்து முகாமில் மீதமிருக்கும் மருந்து இப்படித்தான் வெளியே தெரியவரும்.

லைசென்ஸ் இல்லாமல் ஒரு வாக்கி-டாக்கி மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். உயிருக்கு ஆபத்து வந்தால் கையில் இருக்கும் எந்தக் கருவியையும் பயன்படுத்தி உதவி கேட்கலாம் என்ற கருத்து சர்வதேச வானொலி விதிகளிலேயே உண்டு. அதனால் 'ஆபத்தில் யாரும் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள்' என்று சிலர் சொல்வார்கள். சரி, கேட்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கருவியில் எந்த அலைவரிசையில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள், சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத் திறக்க என்ன டோன் (பேச்சோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி) வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருந்த ரேடியோ வெள்ளத்தன்று வேலைக்கு ஆகாது. லைசென்ஸ் தேர்வுக்குப் படிப்பதும், வாங்கிய பிறகு தினமும் கொஞ்சம் பேசிப் பழகுவதும்தான் உண்மையான தயாரிப்பு.

லைசென்ஸ் இருக்கிறது. பேரிடர் வந்தால் ரேடியோவை எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்கலாமா?

வேண்டாம். அழைக்காமல் போகிறவர், அங்கே இருப்பவர்கள் சோறும் தண்ணீரும் படுக்கையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு ஆளாகிவிடுகிறார். யாரென்றே தெரியாத ஒருவரிடம் எந்த அதிகாரியும் முக்கியமான செய்தியைக் கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது.

முதலில் ஒரு குழுவில் சேருங்கள். உள்ளூர் ஹாம் கிளப்பிலிருந்து தொடங்குவது எளிது. பிரிட்டனில் 1953 வடகடல் வெள்ளத்துக்குப் பிறகு உருவான ரேநெட், அமெரிக்காவில் ஏஆர்ஆர்எல் என்ற ஹாம் சங்கத்தின் கீழ் இயங்கும் ஏரஸ் போல, பல நாடுகளில் இதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் பெரிய பலம் ரேடியோ அல்ல. தீயணைப்பு, மருத்துவமனை, பேரிடர் மேலாண்மை அலுவலகம் ஆகியவற்றோடு முன்கூட்டியே பேசி, யார் யாரை அழைப்பது, எங்கே உட்காருவது, யாருடைய உத்தரவைக் கேட்பது என்று முடிவு செய்து வைத்திருப்பதுதான். அடையாள அட்டையும் அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும். சோதனைச் சாவடியில் அது இல்லாவிட்டால் உங்கள் கால்சைனை (லைசென்ஸோடு கிடைக்கும் அழைப்புக்குறி) சொல்லிப் பயனில்லை.

அங்கே போனால் என்ன வேலை கொடுப்பார்கள்?

உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். புதியவர்கள் ஏமாந்துபோகிற இடம் இதுதான். இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து உயிர் காக்கும் அழைப்பு விடுப்பதாகக் கற்பனை செய்துகொண்டு வருகிறார்கள். கிடைப்பது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு நாற்காலி. ஆறு மணி நேரத்தில் நான்கு செய்திகள் வந்தால் அதிகம். ஆனால் அந்த நான்கில் ஒன்று, தண்ணீர் லாரி எந்தப் பாதையில் வரக்கூடாது என்பதாக இருக்கலாம்.

நிவாரண முகாமில் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கை, தேவைப் பட்டியல் அனுப்புவது அடிக்கடி வரும் வேலை. மருத்துவமனைகளுக்கு இடையே படுக்கை நிலவரம் கேட்டுச் சொல்வதும் உண்டு. ஓர் அதிகாரி போகும் இடமெல்லாம் கூடவே போய், அவருக்காகப் பேசுவது இன்னொன்று. இதற்குப் பொறுமையும் நல்ல செருப்பும் வேண்டும். ஆற்று நீர்மட்டம், காற்று, மழை பற்றிக் கண்ணால் பார்த்ததைச் சொல்லும் வேலையும் இருக்கிறது. 1965 முதல் இயங்கும் ஹரிக்கேன் வாட்ச் நெட் 14.325 மெகாஹெர்ட்ஸில் இதைத்தான் செய்கிறது. புயல் பாதையில் இருக்கும் ஹாம்களிடமிருந்து தகவல் வாங்கி வானிலை மையத்துக்குக் கொடுக்கிறது.

அப்புறம் நலச் செய்திகள். 2017இல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஏஆர்ஆர்எல்லிடம் 50 ஹாம்கள் வரை கேட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களைக் கூப்பிட்டதற்கு முதல் காரணமே, உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பதிவு செய்து வெளியே அனுப்புவதுதான். 'அம்மா நன்றாக இருக்கிறாள்' என்ற மூன்று சொற்கள். கேட்கும் வீட்டுக்கு அதைவிடப் பெரிய செய்தி இல்லை.

'நெட்' என்கிறார்களே, அது என்ன? அதில் எப்படிப் பேசுவது?

ஒரே அலைவரிசையில் பலர் இருக்கும்போது யார் எப்போது பேசுவது என்று ஒருவர் ஒழுங்குபடுத்துவார். அவர் நெட் கன்ட்ரோல். கூட்டம் மொத்தத்துக்கும் நெட் என்று பெயர். அவர் அனுமதி இல்லாமல் யாரும் பேசக்கூடாது. அவரைவிட உங்களுக்கு அனுபவம் அதிகமாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

பேரிடர் நெட்டில் ஆளின் பெயரை விட இடத்தின் பெயரால் அழைப்பது வசதி. ஷிஃப்ட் மாறி ஆள் மாறினாலும் 'முகாம் மூன்று' அங்கேயேதான் இருக்கும். பேச்சு இப்படிப் போகும்:

"கன்ட்ரோல், முகாம் மூன்று."

"முகாம் மூன்று, சொல்லுங்கள்."

"முன்னுரிமைச் செய்தி ஒன்று, மருத்துவக் குழுவுக்கு. ஓவர்."

"மருத்துவக் குழு, முகாம் மூன்றிடம் நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பொறுங்கள்."

வணக்கமோ நலம் விசாரிப்போ இல்லை என்பதைக் கவனியுங்கள். பேசி முடிக்கும்போதும், விதி சொல்லும் இடைவெளியிலும் உங்கள் சொந்தக் கால்சைனைச் சொல்ல வேண்டும். அதற்கு முகாம் பெயர் மாற்று ஆகாது.

பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். உடனே பேசினால் ரிப்பீட்டர் திறப்பதற்குள் முதல் சொல் போய்விடும். அந்த முதல் சொல் பெரும்பாலும் நீங்கள் யாரை அழைக்கிறீர்கள் என்பதாகவே இருக்கும். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலுக்கு நடுவே 'ஐம்பது' 'ஒன்பது' ஆகிவிடும். 'ஐந்து, பூஜ்யம்' அப்படி ஆகாது. பெயர்களை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்.

செய்தியை நானே சுருக்கி, புரியும்படி மாற்றிச் சொல்லலாமா?

கூடாது. இந்தப் பணியில் நான் மிகக் கண்டிப்பாக இருக்க விரும்பும் இடம் இது. கொடுத்தவர் எழுதியது எதுவோ அதுவே போக வேண்டும், எழுத்து மாறாமல். 'இன்சுலின் தேவை, 4 பேர்' என்று ஒரு செவிலியர் எழுதிக் கொடுத்தால், நீங்கள் 'நான்கு சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள்' என்று சொல்வது வேறு செய்தி. முதலாவதற்கு மருந்து வரும். இரண்டாவதற்கு 'சரி, குறித்துக்கொண்டோம்' என்று பதில் வரும்.

அதனால்தான் படிவம். செய்தி எண், அவசர நிலை, அனுப்புபவர், பெறுபவர், தேதி, நேரம், சொற்களின் எண்ணிக்கை. சொல் எண்ணிக்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியவர் எண்ணிப் பார்த்து '11' என்று சொல்ல, உங்கள் படிவத்தில் '12' இருந்தால், ஒரு சொல் காற்றில் விழுந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அந்த ஒரு சொல் 'இல்லை'யாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால், கொடுத்தவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்கிறவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் எழுதி அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவசரத்தில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. 2003 உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு, மோர்ஸ் தேர்வு வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் ஆகிவிட்டது. தெரிந்தால் நல்லது. குரல் புரியாத அளவு பலவீனமான சிக்னலிலும் மோர்ஸ் புரியும்.

எந்த உபகரணம் வாங்கலாம்?

முதலில் கையடக்க ரேடியோ ஒன்று: 2 மீட்டர் அலைவரிசை (அலையின் நீளத்தை வைத்துச் சொல்லும் பெயர்), 5 வாட். அதோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை நம்பாதீர்கள். சுருட்டிப் பையில் வைக்கக்கூடிய ஜே-போல் ஆன்டெனா ஒன்றைச் செய்தோ வாங்கியோ வைத்து, அதை ஒரு மரக்கிளையில் ஏற்றிவிட்டால் அதே 5 வாட் வேறு ரேடியோபோலப் பேசும். கம்பியை ஏற்றும்போது மின்கம்பியின் பக்கமே போகாதீர்கள். மின்சாரம் நின்ற ஊரிலும் யாரோ ஒருவர் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும்.

அடுத்தது பேட்டரி. இங்கேதான் கணக்குத் தவறுகிறது. 100 வாட் எச்எஃப் ரேடியோ (தொலைதூரம் பேச உதவுவது) பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படிப்பட்ட பல ரேடியோக்கள் 1 ஆம்பியர் அளவுக்கு இழுப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 24 மணி நேரம் கேட்டால் 24 ஆம்பியர்-மணி. அதாவது 20 ஆம்பியர்-மணி பேட்டரி, நீங்கள் வாயே திறக்காமல் ஒரு நாளுக்குள் காலி. பேரிடர் பணியில் பெரும்பகுதி கேட்பதுதான் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே கேட்கும்போது குறைவாக இழுக்கும் ரேடியோவைத் தேர்ந்தெடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பேசும்போதும் முழு சக்தி தேவையில்லை. 100 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு இறக்கினால் எதிர்முனையில் 6 டெசிபெல்தான் குறையும், சிக்னல் பலம் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் அலகு. பெரும்பாலும் அந்தப் பக்கம் வித்தியாசமே தெரியாது, உங்கள் பேட்டரிக்குத் தெரியும்.

ரேடியோவைத் தவிர: ஹெட்போன் (முகாமில் மற்றவர்கள் தூங்க வேண்டும், செய்தியைக் கேட்கவும் கூடாது), தலையில் மாட்டும் டார்ச், பென்சில், மழையில் நனையாத உறையில் தாள். பேனா ஈரத்தில் எழுதாது. அலைவரிசைகளையும் ரிப்பீட்டர் டோன்களையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பும் புரோகிராமிங் கேபிளும் இல்லாமல், பட்டன்களை மட்டும் அழுத்தி உங்கள் ரேடியோவில் புதிய அலைவரிசை ஏற்ற உங்களுக்குத் தெரியுமா? இன்றே முயன்று பாருங்கள்.

ரிப்பீட்டரே விழுந்துவிட்டால்? எந்த அலைவரிசைக்குப் போவது?

விழும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேரே பேசும் சிம்ப்ளெக்ஸ் அலைவரிசைகள் இரண்டை உங்கள் குழு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கையடக்க ரேடியோ அப்படிச் சில கிலோமீட்டர்தான் போகும். மேடான இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைப்பது பழைய வழி. இன்றும் பிரமாதமாக வேலை செய்கிறது.

ஐம்பதிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தூரம்தான் தொல்லை. நடுவில் மலை இருந்தால் விஎச்எஃப் (2 மீட்டர் போன்ற அலைவரிசைகள்) தாண்டாது. உயரத்தில் கட்டிய எச்எஃப் ஆன்டெனா இன்னொரு கண்டத்துக்குப் பேசும், அடுத்த மாவட்டத்துக்குப் பேசாது, அலை தலைக்கு மேலே தாவிப் போய்விடும். அதற்கு நாம் செய்வது தலைகீழான காரியம்: ஆன்டெனாவை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டுவது. 40 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பியை நான்கைந்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு மழைபோலச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். என்விஐஎஸ் என்பார்கள். பொதுவாகப் பகலில் 40 மீட்டர், இரவில் 80 மீட்டர். மாற்றும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தி நேரத்தில் ஆளுக்கொரு அலைவரிசையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உலக அளவில் 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை அவசரத் தொடர்பு மையங்களாகச் சர்வதேச ஹாம் சங்கங்களின் ஒன்றியம் வைத்திருக்கிறது. சாதாரண நாளில் அங்கே பேசத் தடை இல்லை. பேரிடர் செய்தி வந்த நாளில் மட்டும் அந்தப் பக்கம் போனால் முதலில் கேளுங்கள், கேட்டபிறகும் பேசவேண்டிய அவசியம் இல்லாவிட்டால் பேசாதீர்கள்.

என் ரேடியோவில் யாரோ ஆபத்தில் இருப்பதாகக் கூப்பிடுவது கேட்கிறது. என்ன செய்ய வேண்டும்?

எழுதத் தொடங்குங்கள். நேரம், அலைவரிசை, அவர் சொன்ன சொற்கள் அப்படியே. வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று சில நொடி கேளுங்கள். சொல்கிறார்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்டபடியே இருங்கள். அவருக்குக் கேட்காத ஒன்று உங்களுக்குக் கேட்கலாம். யாரும் இல்லையென்றால் பதில் கொடுங்கள். முதலில் கேட்க வேண்டியது இடம். தொடர்பு அறுந்தாலும் இடம் தெரிந்தால் ஆளை அனுப்பலாம். அப்புறம் என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி. உங்கள் பகுதி அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். தொலைவில் இருந்து வந்த அழைப்பு என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் விடுவிக்கும்வரை அந்த அலைவரிசையை விட்டு நகராதீர்கள்.

நோயாளி பெயர், இறந்தவர் விவரம் எல்லாம் ரேடியோவில் சொல்லலாமா?

ஹாம் ரேடியோவில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மறைகுறியாக்கமும் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே இறந்தவர் பெயரைக் குரலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். குடும்பத்துக்கு முறையாகத் தெரிவதற்கு முன் ஸ்கேனர் (அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவர் வழியாக அது பரவிவிடும். நோயாளிக்குப் பெயருக்குப் பதில் பட்டியல் எண் போதும். நீளமான பட்டியல்களை வின்லிங்க் போன்ற ரேடியோ மின்னஞ்சலில் அனுப்பினால் பிழையும் குறையும், சும்மா திருகிக் கேட்பவருக்கும் எளிதில் கிடைக்காது. முழு ரகசியம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

முகாமில் எடுத்த படம், கேட்ட செய்தி எதையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது உங்களுடையது அல்ல.

இதற்குப் பணம் உண்டா?

இல்லை. பண நோக்கம் இல்லாத சேவை என்பது சர்வதேச விதிகளில் அமெச்சூர் ரேடியோவுக்குத் தரும் வரையறையிலேயே இருக்கிறது. பயணச் செலவு பற்றி உங்கள் குழுவிடம் கேளுங்கள்.

பேரிடர் வராத நாள்களில் எப்படிப் பழகுவது?

வாரந்தோறும் நடக்கும் உள்ளூர் நெட்டில் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பில்தான் ஒழுங்கு படியும். மராத்தான், சைக்கிள் பந்தயம், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களில் தொடர்பு வேலையை ஏற்றுச் செய்வது இன்னும் நல்ல பயிற்சி. உண்மையான ஆட்கள், உண்மையான குழப்பம், ஆனால் தவறு செய்தால் யாரும் சாக மாட்டார்கள். அமெரிக்க ஹாம்கள் 1933 முதல் ஃபீல்ட் டே நடத்துகிறார்கள். வெளியே போய், தற்காலிக ஆன்டெனா கட்டி, 24 மணி நேரம் பேசிப் பார்ப்பார்கள். உங்கள் குழு பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லோரும் பேட்டரியில் வந்து பத்துப் படிவங்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள். யாருடைய பேட்டரி செத்துக் கிடக்கிறது என்பது முதல் அரை மணியில் தெரிந்துவிடும்.

என் வீட்டிலும் தண்ணீர் வந்தால்?

போகாதீர்கள். குடும்பம் பத்திரமாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பணிக்கு வரச் சொல்லும் எந்த நல்ல குழுவும். மனம் வீட்டில் இருக்கும் ஆள் செய்தியைத் தவறாக எழுதுவார்.

வயதாகிவிட்டது, வெளியே அலைய முடியாது. எனக்கும் வேலை இருக்கிறதா?

நிறைய. பாதிக்கப்படாத பகுதியில், நல்ல ஆன்டெனாவும் தடையில்லா மின்சாரமும் உள்ள வீட்டு நிலையம் பேரிடர் நெட்டுக்குப் பெரிய சொத்து. உள்ளே இருப்பவரின் பலவீனமான சிக்னலை இன்னொரு ஊரில் உள்ள நெட் கன்ட்ரோல் கேட்க முடியாமல் தவிக்கும்போது, இருவரையும் கேட்கும் ஒருவர் நடுவில் தேவை. அது நீங்களாக இருக்கலாம். பதிவேடு எழுதலாம், வெளியூர்க் குடும்பங்களுக்குப் போன் செய்து நலச் செய்தியைச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் விட, இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை நெட் கன்ட்ரோலில் உட்கார ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். அந்த ஷிஃப்டுக்கு உங்கள் பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள்.